ஊர் கூடி நோயைத் தடுக்கும் திட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு போன்றவை வருமுன் தடுக்க, மக்கள் வசிக்கும் இடத்திலேயே நடக்கும் நலவாழ்வுத் திட்டங்களில் பல வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பிபி பார்க்கும் மேஜையிலும், நடைக்குழுவிலும், கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து, மாத்திரை பற்றிய முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நாள்பட்ட நோய்னா என்ன? ரொம்ப நாளா இருக்கிற எல்லா வியாதியுமா?

ஏறக்குறைய அப்படித்தான். வந்தால் பல வருடங்கள், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருப்பவை. ஆனால் இந்தத் திட்டங்கள் முக்கியமாக நான்கைக் குறிவைக்கின்றன: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய ரத்தக்குழாய் நோய்கள், சர்க்கரை நோய், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் தொற்றா நோய்களால் குறைந்தது 4.3 கோடிப் பேர் இறந்தார்கள். அவர்களில் 1.8 கோடிப் பேர் எழுபது வயதைத் தொடாதவர்கள்.

நான்கு நோய்களும் வேறுவேறு என்றாலும் பின்னணியில் இருக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: புகையிலை, மது, உடலை அசைக்காமல் இருப்பது, சரியில்லாத சாப்பாடு, அசுத்தமான காற்று. அதனால்தான் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனித் திட்டம் போடாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாக நடத்துகிறோம்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, நான் எதுக்கு வரணும்?

தொந்தரவு இல்லாத காலத்தில்தான் தடுக்க முடியும். ரத்த அழுத்தம் வலிக்காது. சர்க்கரை ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும். உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

ஒரு முறை எங்களுக்கு மேஜை தூக்கிப் போட்டு உதவ வந்தவர் ஒருவர், மற்றவர்களின் பயம் போகட்டும் என்று தானே முதலில் உட்கார்ந்து கையை நீட்டினார். மேல் எண் 180ஐத் தாண்டியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், அதே எண்தான். “தலைவலிகூட இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் அன்று நோயாளியாக வரவில்லை, உதவி செய்ய வந்தவர். அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மெடிக்கல் கேம்ப் போடுறதுதானே இது?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. முகாம் ஒரு நாள் நடக்கும். அளப்பார்கள், துண்டுச் சீட்டில் எண்ணை எழுதித் தருவார்கள், அதோடு சரி. திட்டம் என்பது அந்தச் சீட்டுக்கு அப்புறம் நடப்பது. அளவு கூடுதலாக இருந்தவர் மருத்துவரைப் பார்த்தாரா, ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறார், நடக்க இடம் இருக்கிறதா, வேலை செய்யும் இடத்தில் என்ன சாப்பிடக் கிடைக்கிறது, புகையை விட நினைப்பவருக்கு யார் துணை என்று ஒவ்வொன்றையும் யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வாசல். வாசலோடு திரும்பிப் போய்விட்டால் உள்ளே இருப்பது கிடைக்காது.

ஆஸ்பத்திரியும் டாக்டரும் இருக்கும்போது இது எதுக்கு?

மருத்துவர் வருடத்தில் சில நிமிடங்கள் உங்களைப் பார்ப்பார். மீதி நேரம் முழுக்க நீங்கள் வீட்டிலும் வேலையிலும் தெருவிலும் இருக்கிறீர்கள். இந்த நோய்கள் வளர்வது அந்த மீதி நேரத்தில்தான்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகளில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. மருத்துவமனைப் பக்கமே அதிகம் போகாத, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத ஆண்கள் அவர்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிவெட்டுபவரே பேசி ஊக்கப்படுத்த, மருந்தாளுநர் கடைக்கே வந்து, அவர்களுடைய மருத்துவரோடு சேர்ந்து மருந்து கொடுத்தார். மற்றக் கடைகளில் முடிவெட்டுபவர் பழக்கங்களை மாற்றச் சொல்லி, மருத்துவரைப் பார்க்கும்படி ஊக்கப்படுத்தியதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் வகைக் கடைகளில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்றதில் சுமார் 9. மருந்து ஒன்றும் புதிது இல்லை. அது கிடைத்த இடமும் சொன்ன ஆளும்தான் வேறு.

இதெல்லாம் நிஜமாவே பலன் தருதா? யாராவது நிரூபிச்சிருக்காங்களா?

நிரூபித்திருக்கிறார்கள். பலன் தராததையும் நிரூபித்திருக்கிறார்கள். இரண்டையும் சொல்கிறேன்.

பின்லாந்தின் வடக்கு கரேலியா பகுதியில் இளம் வயது ஆண்கள்கூட மாரடைப்பில் சாவது சகஜமாக இருந்தது. அங்குள்ள மக்களே அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. நோட்டீஸ் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மகளிர் சங்கங்களோடு சேர்ந்து வெண்ணெயைக் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். கிராமங்களுக்கு இடையே ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் போட்டி வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்களின் பிழைப்பு அடிபடக் கூடாது என்று பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவினார்கள். நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 577 பேரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பகுதியினரிடம் உணவு, உடற்பயிற்சி மாற்றத்தை ஆறு வருடம் நடத்தினார்கள். முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட, மாற்றத்தைச் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளி வந்திருந்தது. அவர்களின் ஆயுளும் ஒன்றரை வருடம் அளவுக்குக் கூடியிருந்தது.

இனி மறுபக்கம். டென்மார்க்கில் ‘இன்டர்99’ என்ற ஆய்வில் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஐந்து வருடம் ஆலோசனை சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, அழைக்கப்பட்டவர்களிடையேயும் அழைக்கப்படாதவர்களிடையேயும் மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. கரேலியாவில் கடையும் சமையலும் விவசாயமும் சேர்ந்து மாறின. டென்மார்க்கில் ஆளை அழைத்துப் பேசினார்கள், அவர் திரும்பிப் போன தெரு அப்படியே இருந்தது. வித்தியாசம் அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சர்க்கரை. என்ன பண்ணாலும் எனக்கும் வரத்தானே போகுது?

பரம்பரை ஆபத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அது தலையெழுத்து இல்லை. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. எல்லோரும் சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்கள், பலருக்குக் குடும்பத்திலும் இருந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவைதான் அவர்களில் ஒரு குழுவுக்கு இலக்கு. மூன்று வருட அளவில் அந்தக் குழுவுக்குச் சர்க்கரை நோய் வருவது, இரண்டும் இல்லாத குழுவைவிட 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்ட குழுவில் குறைந்தது 31 சதவீதம்.

7 சதவீதம் என்றால் 80 கிலோ இருப்பவருக்கு ஐந்தரைக் கிலோ. ஒல்லியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குடும்பத்தில் இருக்கிறது என்றால் நீங்கள் மற்றவர்களைவிட முன்னாலேயே பரிசோதிக்கத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?

தேவையில்லை. அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பிற்பாடு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நாளைக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. 2,000 அடி நடப்பவர் 4,000 ஆக்கினால் அதற்கே நல்ல பலன் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மிதமான என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. இன்னொன்றும் சொல்கிறார்கள், அதை யாரும் கண்டுகொள்வதில்லை: வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுவதுகூட அதில் சேரும். வயதானவர்கள் இதோடு தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்தால் விழுவது குறையும்.

வீட்டு வேலை, ஓடியாடுற உத்தியோகம். அதுவே எக்சர்சைஸ்தானே?

பாதி சரி. 1953இல் ஜெர்மி மாரிஸ் என்ற ஆய்வாளர் லண்டன் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார், நடத்துநர் நாள் முழுக்க மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. ஆக, வேலையில் அசைவதும் கணக்கில் சேரும். முன்பு பத்து நிமிடத்துக்குக் குறைவாகச் செய்வது சேராது என்று சொல்லிவந்தார்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது.

ஆனால் மூச்சு கொஞ்சம் வேகமாகிறதா என்று பாருங்கள். நின்றுகொண்டே செய்யும் பல வேலைகளில் களைப்பு வரும், மூச்சு வேகமாகாது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. முதுகொடிய வேலை செய்துவிட்டு வருபவரிடம் “நடங்கள்” என்று சொல்ல எனக்கே மனம் வராது. அவருக்கு முதல் தேவை ஓய்வும் தூக்கமும்.

இருபத்தொரு நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

லண்டனில் 96 பேரிடம் அளந்து பார்த்ததில் புதிய பழக்கம் இயல்பாக வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை. இருபத்திரண்டாம் நாள் “எனக்கு வரவே இல்லை” என்று நின்றுபோனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உப்பைக் குறைங்கன்னா எவ்வளவு? சாப்பாடே இறங்காதே!

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவாக. உலக மக்கள் சராசரியாக இதைப்போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாடு இறங்காது, சரிதான். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பாக்கெட்டில் வரும் பண்டங்களில் இருக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து தொடங்குங்கள்.

சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் சுமார் 21,000 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதில் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஐந்து வருட அளவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சமையல் மாறவில்லை, டப்பாவில் இருந்த உப்பு மட்டும்தான் மாறியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கூட்டத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் இரண்டு முறை சொல்வேன்.

உங்க மேஜையில பிபி 150ங்கறீங்க, வீட்டுல 130தான் காட்டுது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். எப்படி அளந்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் மேஜையில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். காலை நேரம், நீண்ட வரிசை. மாடி ஏறி மூச்சு வாங்க வந்தவரை அப்படியே உட்காரவைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, “எப்படி இருக்கீங்க?” என்று பேச்சுக் கொடுத்தபடி அளந்தோம். கை மடியில் தொங்கியது. 158 வந்தது. பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் கழித்து முறையாக எடுத்தோம். முதுகை நாற்காலியில் சாய்த்து, பாதங்கள் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க, யாரும் பேசாமல் எடுத்தபோது 136. ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுத்தால் 134. அன்றிலிருந்து வரிசையில் இருப்பவர்களுக்காக ஐந்து நாற்காலிகளைத் தனியாகப் போட்டோம். அளப்பதற்கு முன் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பட்டையின் அளவும் முக்கியம். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் எண் நிறையக் கூடிக் காட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும், அரை மணிக்குள் காபி குடித்திருந்தாலும், புகைத்திருந்தாலும் கூடும். வீட்டில் சில நாட்கள் காலையும் மாலையும் எடுத்துக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது ஒற்றை எண்ணைவிட மிகவும் உதவும். வீட்டில் சராசரி 135/85ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

நடக்க ஆரம்பிச்சு பிபி இறங்கிடுச்சு. மாத்திரையை விட்டுடலாமா?

நீங்களாக விட வேண்டாம். இறங்கியதில் நடைக்கும் பங்கு உண்டு, மாத்திரைக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது. முன் கேள்வியில் சொன்ன மாதிரி வீட்டு அளவுகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிலருக்கு அவர் மாத்திரை அளவைக் குறைப்பார். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாகக் கடும் உடற்பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து.

இருபது வருஷமா சிகரெட். இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டன் ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு சுமார் மூன்று வருடம் ஆயுள் திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது. முப்பதில் விட்டவர்களுக்கு இழக்க இருந்த பத்தும்.

ஒரே முயற்சியில் விட்டவர்கள் குறைவு. நான்காவது, ஐந்தாவது முறை வெற்றி பெற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம், ஆலோசகர் துணை ஆகியவை வெற்றி வாய்ப்பைக் கூட்டும். மன உறுதி குறைந்தவர்களுக்குத்தான் அது என்று நினைத்து ஒதுக்காதீர்கள்.

கொஞ்சமா குடிச்சா இதயத்துக்கு நல்லதாமே?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் இதைத் தெளிவாகச் சொன்னது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிக்காதவர் நலனுக்காகத் தொடங்கவே வேண்டாம். குடிப்பவர் எவ்வளவு குறைத்தாலும் அவ்வளவுக்கு நல்லது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மட்டும் திடீரென்று தானாக நிறுத்தாமல் மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும்.

எல்லார் முன்னாடியும் எடை போட்டு நம்பரைச் சத்தமா சொன்னாங்க. அப்புறம் நான் போகவே இல்ல. என் தப்பா?

உங்கள் தப்பே இல்லை. நடத்தியவர்களின் தப்பு. அப்படி நடந்ததற்காக வருந்துகிறேன். எடையும் சர்க்கரையும் பிபியும் உங்கள் சொந்த விஷயம். தடுப்புக்குப் பின்னால் வைத்து அளக்க வேண்டும், எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்ட வேண்டும். அளக்க வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். எடை பார்க்காமலேயே நடைக்குழுவில் சேரலாம்.

நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவமானப்பட்டவர் மெலிவதில்லை, வராமல் போகிறார். நீங்கள் எந்தக் குறை உள்ளவருக்கு உதவ நினைத்தீர்களோ, முதலில் ஓடிப்போவது அவர்தான்.

வாயைக் கட்ட முடியாதவங்க நோயை வரவழைச்சுக்கறாங்க. அவங்களுக்கு ஏன் இவ்வளவு செலவு?

இதை நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். இரண்டு வேலை பார்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்புகிறவருக்கு நடக்க வெளிச்சமான தெரு வேண்டும். பழத்தைவிட இனிப்புப் பானம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்? முதல் கேள்வியில் சொன்ன ஐந்து காரணங்களில் காற்றைத் தனி ஆளாக யாராலும் சுத்தம் செய்ய முடியாது. மற்ற நான்கிலும் பாதி அப்படித்தான் என்பது என் அனுபவம்.

மக்களிடையே நோய் வரும் விதத்தை ஆராய்ந்த ஜெஃப்ரி ரோஸ் என்ற அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். நோயாளிகள் பெரும்பாலும் மிக அதிக ஆபத்தில் இருக்கும் சிலரிடமிருந்து வருவதில்லை. கொஞ்சம் ஆபத்து உள்ள ஏராளமானவர்களிடமிருந்துதான் வருகிறார்கள். ஆகவே வாயைக் கட்ட முடியாத சிலர் என்று விரல் நீட்டினால் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை விட்டுவிடுவோம். அந்தப் பெரும் கூட்டத்தில் நீங்களும் நானும் இருக்கிறோம்.

முதல் மாசம் நாப்பது பேர் வந்தாங்க, மூணாவது மாசம் ஏழு பேர். என்ன தப்பு பண்ணோம்?

வராதவர்களைக் கேளுங்கள். வருகிற ஏழு பேரைக் கூட்டிவைத்துக் கேட்பதில் பயன் இல்லை, அவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்களுக்கும் இதே மாதிரி நடந்தபோது, நின்றுபோன ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். சிலருக்கு நேரம் ஒத்துவரவில்லை, சிலருக்கு முட்டிவலி. ஒரு மூதாட்டி சொன்னது மட்டும் மனதைத் தைத்தது. “நான் மூச்சு வாங்கி வந்து சேரும்போது நீங்க எல்லாரும் இளைப்பாறி முடிச்சுக் கிளம்பிடறீங்க.” வேகமாக நடப்பவர்கள் ஓய்வெடுத்த இடத்தில் அவருக்கு ஒருநாளும் ஓய்வு கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு விதி வைத்தோம். எங்களில் ஒருவர் எப்போதும் கடைசி ஆளோடுதான் நடப்பார், அவர் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் குழு கிளம்பும். அந்த அம்மா திரும்பி வந்தார், தெரிந்தவர்கள் இருவரையும் கூட்டி வந்தார்.

குளிர்பானக் கம்பெனி ஒண்ணு பணம் தரேங்குது. வாங்கிக்கலாமா? நல்ல காரியத்துக்குத்தானே?

வேண்டாம் என்பது என் கருத்து. பணம் வந்ததும் மேடையில் அவர்கள் பெயர் வரும். அப்புறம் “சர்க்கரைப் பானத்தைக் குறையுங்கள்” என்ற வரி உங்கள் நோட்டீஸிலிருந்து மெல்ல மறையும். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நாமே சங்கடப்பட்டு எடுத்துவிடுவோம். புகையிலை, மது, இனிப்புப் பானம் விற்பவர்களின் பணம் எதுவும் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பணம் கண்முன் இருக்கும்போது முடிவெடுப்பது கஷ்டம். வேறு தொழில் செய்பவர்கள் தந்தால், திட்டத்தில் அவர்கள் தலையிட முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏற்கலாம்.

பிபி அதிகமா இருந்தவங்க எல்லாருக்கும் ஆறு மாசத்துல இறங்கிடுச்சு. திட்டம் ஜெயிச்சுதுன்னு சொல்லலாமா?

இன்னும் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் ஒவ்வொரு நாளும் மேலும் கீழும் போகும். ஒரே நாளில் அளந்து, அன்றைக்கு அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், அவர்களில் பலர் தற்செயலாக அன்று மேலே இருந்தவர்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அளக்கும்போது அவர்களின் சராசரி இறங்கித்தான் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் கடைகளில் மருந்தாளுநர் வராத குழுவிலும் 9 புள்ளி இறங்கியது நினைவிருக்கிறதா? அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் 27 புள்ளியும் மருந்தாளுநரால் வந்தது என்று எழுதியிருப்பார்கள்.

மூன்று விஷயங்களைச் செய்யலாம். தொடங்கும் முன் வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை அளந்து சராசரியை எடுங்கள். திட்டம் இன்னும் தொடங்காத பக்கத்துப் பகுதியிலும் அளந்து ஒப்பிடுங்கள். முடிவில் இருப்பவர்களை மட்டும் எண்ணாமல், சேர்ந்த எல்லோரையும் எண்ணுங்கள். நாற்பது பேரில் ஏழு பேர் மிஞ்சி, அந்த ஏழு பேருக்கும் இறங்கியிருந்தால் அது நாற்பதில் ஏழுதான்.

கரேலியாவிலும் இந்த விவாதம் வந்தது. அங்கே மரணம் குறைந்தபோது பின்லாந்தின் மற்றப் பகுதிகளிலும் குறைந்தது. திட்டத்தின் பங்கு எவ்வளவு, காலமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று நிபுணர்கள் பல காலம் வாதிட்டார்கள். ஐந்து வருடத்தில் திட்டத்தின் அனுபவங்களை நாடு முழுக்கக் கொண்டுபோனதும் அதற்கு ஒரு காரணம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் போவது விஞ்ஞானத்துக்குச் சிரமம், மக்களுக்கு நல்லது.

நிதி நின்னாலோ நீங்க போயிட்டாலோ எல்லாம் நின்னுடுமே?

பல இடங்களில் நின்றிருக்கிறது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் மாதத்திலேயே அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் இருவருக்காவது பிபி பார்க்கக் கற்றுக்கொடுத்து, மூன்றாம் மாதம் கருவியை அவர்கள் கையில் கொடுத்து நாங்கள் பக்கத்தில் நிற்போம். ஆள் போனாலும் நிற்கும் மாற்றங்களைத் தேடுங்கள்: தெருவிளக்கு, உட்காரும் பெஞ்சு, வேலையிடத்தில் குடிதண்ணீர், பொதுச் சமையலறையில் குறைந்த உப்பு. இவை எதற்கும் மாதாமாதம் நிதி கேட்க வேண்டாம்.

பெயரும் அளவும் குறித்துவரும் நோட்டுப் புத்தகத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அடுத்து அளக்க வேண்டிய தேதியைப் பென்சிலில் எழுதிக் கொடுங்கள். புதிதாகப் பொறுப்பேற்பவர், தேதி தாண்டியும் வராதவர்களுக்கு முதலில் போன் செய்யட்டும். வந்துகொண்டிருப்பவர்களுக்கு அப்புறம் செய்துகொள்ளலாம்.